ஹெர்-2: ஒரே புரதம், இரண்டு வேலை

மார்புப் புற்றுநோய்க்காக பயோப்சி எடுத்தவர்களின் ரிப்போட்டில் கீழ்ப்பகுதியில் பெரும்பாலும் மூன்று வரிகள் இருக்கும்: ஈ.ஆர், பி.ஆர், ஹெர்-2. முதல் இரண்டும் பெண் ஹோர்மோன்களின் செய்தியை வாங்கும் புரதங்கள், அவற்றுக்கு எதிரே பொசிட்டிவ் அல்லது நெகட்டிவ் என்று எழுதியிருக்கும். ஹெர்-2க்கு எதிரே 0, 1+, 2+, 3+ என்று ஏதாவது ஒன்று. இந்தக் கடைசி வரிதான் வீட்டுக்காரரை அதிகம் கலங்க வைக்கிறது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் தங்கையின் ரிப்போட்டை கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்து காட்டினார்.

"மூண்டு பிளஸ் எண்டு போட்டுக் கிடக்கு தம்பி. மூண்டாம் ஸ்டேஜோ?"

"இல்லை அக்கா. ஸ்டேஜ் வேற, இது வேற."

அவர் உடனே நம்பவில்லை. மூன்று என்ற எண்ணைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஸ்டேஜ் என்பது கட்டி எவ்வளவு பெரிது, கமக்கட்டு நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கிறதா, உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவியிருக்கிறதா என்பதைச் சொல்வது. ஹெர்-2க்கு எதிரே இருக்கும் எண், புற்றுநோய்க் கலங்களின் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. முதலாம் ஸ்டேஜில் உள்ள சின்னக் கட்டியும் 3+ ஆக இருக்கலாம். பரவிப்போன கட்டி 0 ஆகவும் இருக்கலாம்.

இந்த ஒரு புரதத்தைப் பற்றி விளக்கமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. "புற்றுநோய்க்குக் காரணமான புதிய புரதம் கண்டுபிடிப்பு" என்று கிழமைக்கொரு செய்தி வருகிறது. அது நோயைக் கண்டறிய உதவுமா, நோயைக் குணப்படுத்த உதவுமா, இரண்டுக்கும் உதவுமா என்று அந்தச் செய்திகள் பெரும்பாலும் பிரித்துச் சொல்வதில்லை. ஹெர்-2ஐ ஒழுங்காக விளங்கிக்கொண்டால் அந்த வித்தியாசம் பிடிபட்டுவிடும். இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோய்தான். ஆகவே இந்த வரி எந்த வீட்டுக்கும் வரக்கூடிய வரி.

புரதம் என்றால் எது?

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும் மீனும்தான் நினைவுக்கு வரும். சாப்பிட்ட புரதம் குடலில் உடைந்து அமினோ அமிலங்களாகிறது. அந்த அமினோ அமிலங்களை வேறு வரிசையில் கோத்து, உடம்பு தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே செய்துகொள்கிறது. இரத்தத்தில் ஒட்சிசனைக் கொண்டுபோகும் ஈமோகுளோபின் ஒரு புரதம். சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினும் புரதம்தான். எந்தப் புரதத்தை எந்த வரிசையில் கோப்பது என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. மனித உடலில் புரதம் செய்வதற்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000.

ஹெர்-2 புரதத்துக்கான மரபணு 17ஆவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது. 1,255 அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சங்கிலி அது. சங்கிலியின் ஒரு பகுதி கலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு சிறு துண்டு கலத்தின் மென்சவ்வை ஊடுருவி நிற்கும், மீதி கலத்தின் உள்ளே இருக்கும். வெளியிலிருந்து வரும் செய்தியை உள்ளே கடத்துவதுதான் இப்படிப்பட்ட புரதங்களின் வேலை. எங்கள் பாடப்புத்தகங்களில் இவற்றுக்கு வாங்கிகள் என்று பெயர்.

ஹெர் குடும்பத்தில் நான்கு வாங்கிகள் உண்டு. மற்ற மூன்றும், வளர்ச்சியைத் தூண்டும் ஏதாவது ஒரு மூலக்கூறு வெளியே வந்து ஒட்டிக்கொண்ட பிறகுதான் உருவம் மாறி இன்னொரு வாங்கியோடு சோடி சேரும். ஹெர்-2க்கு அப்படி வந்து ஒட்டும் மூலக்கூறு எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அது எப்போதும் சோடி சேரத் தயாரான நிலையில்தான் நிற்கிறது. சோடி சேர்ந்ததும் கலத்துக்குள்ளே இருக்கும் முனைகள் ஒன்றின்மேல் ஒன்று பொஸ்பேற்றை ஏற்றிவிடும். அங்கிருந்து செய்தி கைமாறிக் கைமாறிக் கலத்தின் கரு வரைக்கும் போய்ச் சேரும். "வளர், பிரி, சாகாதே" என்பதுதான் செய்தி.

சாதாரண கலத்தில் இதனால் ஒரு கெடுதியும் இல்லை. அங்கே இந்த மரபணுவின் பிரதிகள் இரண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. மேற்பரப்பில் இருக்கும் வாங்கிகளும் சில பத்தாயிரம்தான். சில மார்புப் புற்றுநோய்களில் இந்த மரபணு பிழையாகப் பிரதியெடுக்கப்பட்டு, இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் பத்து, இருபது, அதற்கும் மேல் என்று பெருகிவிடுகிறது. குறிப்பு பெருகினால் புரதமும் பெருகும். ஒரு கலத்தில் இருபது லட்சம் வாங்கிகள் வரை போகலாம். அவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது அவை ஒன்றோடொன்று மோதிச் சோடி சேர்ந்துகொண்டே இருக்கும். பிரியச் சொல்லும் செய்தி ஓய்வில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பெருக்கம் கட்டியின் கலங்களில் மட்டும் நடந்தது. பிறக்கும்போது வந்ததில்லை, பிள்ளைகளுக்குப் போவதுமில்லை. மகளின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று பயந்து தாய்க்கு வந்த நோயை மறைக்கும் வீடுகள் இன்னும் இங்கே இருக்கின்றன. சில தாய்மார் அந்தப் பயத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போகிறார்கள். ஹெர்-2 பொசிட்டிவ் என்பது பரம்பரையாக வரும் ஒன்றே இல்லை. பரம்பரையாக வரக்கூடியது பி.ஆர்.சி.ஏ என்ற வேறு மரபணுக்களின் பிழை. அது மார்புப் புற்றுநோய்களில் சிறு பங்கு மட்டுமே. ஒரே குடும்பத்தில் பலருக்கு, அல்லது மிக இள வயதில், நோய் வந்திருந்தால் அதைப் பற்றி வைத்தியரிடம் தனியாகக் கேட்கலாம். ஹெர்-2 வரியை வைத்து மகளின் எதிர்காலத்தைக் கணிக்கத் தேவையில்லை.

குறிகாட்டி வேறு, இலக்கு வேறு

சரி, இப்போது தலைப்பில் சொன்ன இரண்டு வேலைகளுக்கு வருவோம்.

உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அளந்து தெரிந்துகொள்ள உதவும் எதையும் உயிர்க்குறிகாட்டி என்று சொல்லலாம். நெஞ்சு நோவோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனால் இரத்தத்தில் ட்ரோபோனின் பார்ப்பார்கள். அது இதயத் தசையில் இருக்கும் புரதம். தசை சேதமானால் இரத்தத்துக்குள் கசியும், அதனால் அதன் அளவு மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ட்ரோபோனினைத் தாக்கி மாரடைப்பைக் குணப்படுத்துவதில்லை. அது செய்தி சொல்வதோடு சரி.

மருந்து போய் ஒட்டி அதன் வேலையை மாற்றினால் நோய் தணியும் என்ற நிலையில் இருக்கும் மூலக்கூறுதான் மருந்து இலக்கு. கொலஸ்ட்ரோலுக்கு எத்தனையோ பேர் இரவில் அட்டோர்வஸ்டட்டின் குளிசை போடுகிறார்கள். அது ஈரலில் கொலஸ்ட்ரோல் தயாரிக்க உதவும் ஒரு நொதியத்தைத் தடுக்கிறது. அந்த நொதியம் நல்ல இலக்கு. ஆனால் எந்த கிளினிக்கிலும் அந்த நொதியத்தின் அளவைச் சோதிப்பதில்லை. கொலஸ்ட்ரோலைத்தான் சோதிக்கிறார்கள்.

ஹெர்-2 இந்த இரண்டு பக்கத்திலும் நிற்கிறது. அதை அளந்தால் நோய் எந்த வகை என்று தெரிகிறது. அதையே மருந்தால் தாக்கினால் நோய் அடங்குகிறது. அளப்பதும் தாக்குவதும் ஒரே பொருளை என்பதால், யாருக்கு மருந்து வேலை செய்யும் என்பதை மருந்தைக் கொடுக்குமுன்பே ஓரளவு சொல்லிவிடலாம். புற்றுநோய் மருத்துவத்தில் இது மிகப் பெரிய மாற்றம். ஈ.ஆர் என்ற ஈஸ்ட்ரஜன் வாங்கியும் இதே இரட்டை வேலையைச் செய்கிறது. அந்த வாங்கியைத் தடுக்கும் தமொக்சிஃபென் குளிசையைக் கொடுப்பது அந்த வரியைப் பார்த்துத்தான்.

எல்லாப் புரதமும் இலக்காகிவிடாது. 20,000 மரபணுக்கள் இருந்தும் இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகள் எல்லாம் சேர்ந்து சில நூறு மனிதப் புரதங்களைத்தான் தொடுகின்றன. முதலில், நோய் அந்தப் புரதத்தை நம்பி உயிர்வாழ வேண்டும். பக்கத்தில் சும்மா நிற்கும் புரதத்தைத் தாக்கிப் பயனில்லை. அடுத்தது, மருந்து அதை எட்ட வேண்டும். கருவுக்குள் ஒளிந்திருக்கும், பிடிப்பதற்கு ஒரு பள்ளம்கூட இல்லாத புரதத்தை மருந்தால் தொடுவது மிகக் கஷ்டம். அப்புறம், அதைத் தடுத்தால் மற்ற உறுப்புகள் தாங்க வேண்டும். ஹெர்-2 முதல் இரண்டிலும் நன்றாகத் தேறியது. அதன் ஒரு முனை கலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதே பெரிய வாய்ப்பு. மூன்றாவதில் இதயத்தால் ஒரு சிக்கல் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இலக்கிலிருந்து மருந்து வரை

இந்தப் புரதத்தின் முதல் தடயம் 1980களின் தொடக்கத்தில் எலிகளின் நரம்புக் கட்டிகளில் கிடைத்தது. மனித மரபணுவை 1985இல் பிரித்தெடுத்தவர்களில் ஜெனென்டெக் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தில் வேலை செய்த அக்செல் உல்ரிக்கின் குழுவும் ஒன்று. லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் வைத்தியராக இருந்த டெனிஸ் ஸ்லேமன், தன்னிடம் சேர்த்து வைத்திருந்த கட்டிகளில் இந்த மரபணுவைத் தேடினார். 1987இல் வெளியான அந்த ஆய்வில் 189 மார்புப் புற்றுநோய்களைப் பார்த்தார்கள். ஏறத்தாழ 30 வீதத்தில் மரபணு பெருகியிருந்தது. அப்படிப் பெருகியிருந்த பெண்களுக்கு நோய் விரைவாகத் திரும்பி வந்தது, அவர்கள் வாழ்ந்த காலமும் குறைவாக இருந்தது. பிற்காலத்தில் கூடுதல் பேரைப் பார்த்தபோது இந்தப் பங்கு 15 முதல் 20 வீதம் என்று தெளிவாகியது.

1987இல் ஹெர்-2 ஒரு குறிகாட்டி மட்டும்தான், அதுவும் கெட்ட செய்தியைச் சொல்லும் குறிகாட்டி. இது காரணமா, வெறும் அடையாளமா என்பது அப்போது திறந்த கேள்வி. நோயோடு சேர்ந்து காணப்படுவதெல்லாம் நோய்க்குக் காரணமாகிவிடாது. சாதாரண கலங்களில் இந்தப் புரதத்தைப் பெருக்கிப் பார்த்தபோது அவை புற்றுக்கலங்களைப் போல நடந்துகொண்டன. புரதத்தைத் தடுத்தபோது புற்றுக்கலங்களின் வளர்ச்சி குறைந்தது. இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் 'இலக்காக இருக்கலாம்' என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. செய்திகளில் வரும் பெரும்பாலான "புதிய புரதங்கள்" இந்தப் படியைக்கூட இன்னும் தாண்டாதவை.

தடுப்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது பிறபொருளெதிரியை. கிருமி வந்தால் அதைப் பிடிக்க உடம்பு தானே செய்யும் புரதம் பிறபொருளெதிரி. ஹெர்-2இன் வெளி முனையை மட்டும் பிடிக்கும் ஒன்றை முதலில் எலியில் உருவாக்கினார்கள். எலியின் பிறபொருளெதிரியை மனிதருக்கு ஏற்றினால் எங்கள் உடம்பு அதையே அந்நியப் பொருளாகப் பார்த்து அழிக்கத் தொடங்கிவிடும். அதனால் ஹெர்-2ஐப் பிடிக்கும் நுனியை மட்டும் எலியிலிருந்து எடுத்து, மீதியை மனிதப் பிறபொருளெதிரியாக மாற்றினார்கள். 1992இல் இது வெளியானது. அதுதான் ட்ராஸ்டுசுமாப். ஹெர்செப்டின் என்ற பெயரில் முதலில் விற்பனைக்கு வந்தது.

இது கலத்துக்குள் போகும் செய்தியைக் குறைக்கிறது. கூடவே, நோயெதிர்ப்புக் கலங்களைக் கூப்பிட்டு அந்தப் புற்றுக்கலத்தைக் கொல்லவும் வைக்கிறது.

அடுத்து வந்த மனிதப் பரிசோதனையில்தான் குறிகாட்டியின் பெறுமதி உண்மையில் தெரிந்தது. கணக்காகப் பார்ப்போம். 100 பெண்களுக்கு மருந்து கொடுக்கிறோம் என்று வையுங்கள். அவர்களில் 20 பேருக்குத்தான் ஹெர்-2 பெருகியிருக்கிறது. அந்த 20 பேரில் 10 பேருக்கு மருந்து நன்றாக வேலை செய்தால், 100 பேரின் கணக்கில் அது 10 வீதம். "பயனில்லாத மருந்து" என்று கைவிட்டிருப்பார்கள். சோதித்து அந்த 20 பேரை மட்டும் சேர்த்தால் அதே மருந்து 50 வீதம் வேலை செய்கிறது. ஸ்லேமனின் குழு இப்படித் தெரிந்தெடுத்த, நோய் பரவிய 469 பெண்களைச் சேர்த்தது. கீமோ மட்டும் பெற்றவர்களில் நோய் மீண்டும் முன்னேற எடுத்த இடைநிலைக் காலம் (பாதிப்பேருக்கு இதற்குள், மீதிப்பேருக்கு இதற்குப் பிறகு) 4.6 மாதம். ட்ராஸ்டுசுமாப்பும் சேர்த்துப் பெற்றவர்களில் 7.4 மாதம். உயிரோடு இருந்த இடைநிலைக் காலம் 20.3 மாதத்திலிருந்து 25.1 மாதமாகக் கூடியது. மருந்துக்கு 1998 செப்டெம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதோடு சேர்த்து ஹெர்-2ஐ அளக்கும் சோதனைக்கும் அனுமதி கிடைத்தது. மருந்தும் சோதனையும் ஒன்றாகவே வெளியே வந்தன.

ஐந்து மாதம் என்றால் சிறிதாகத் தெரியலாம். ஆனால் அது நோய் எங்கும் பரவிய பிறகு கிடைத்த கணக்கு. நோய் மார்போடும் கமக்கட்டோடும் நிற்கும்போதே கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனைகளின் முடிவுகள் 2005இல் வந்தன. நோய் திரும்பி வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. அன்றிலிருந்து 3+ என்ற வரியின் பொருளே மாறிவிட்டது. 1987இல் அது கெட்ட செய்தி மட்டும். இன்று, அது கட்டியின் வேகத்தைச் சொல்வதோடு அதைப் பிடிக்க மருந்து இருக்கிறது என்பதையும் சொல்கிறது. அந்த அக்காவுக்கு நான் முக்கியமாகச் சொன்னது இதைத்தான்.

அந்த எண்ணை எப்படிப் போடுகிறார்கள்?

பயோப்சியில் எடுத்த துண்டை போர்மலினில் போட்டு, பிறகு மெழுகுக் கட்டியாக்கி, மிக மெல்லிய சீவல்களாக வெட்டிக் கண்ணாடித் தட்டில் ஒட்டுவார்கள். அதன்மேல் ஹெர்-2ஐப் பிடிக்கும் பிறபொருளெதிரியை ஊற்றி, அது ஒட்டிய இடமெல்லாம் கபில நிறம் வரும்படி சாயமேற்றுவார்கள். நோயியல் நிபுணர் அதை நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். ஹெர்-2 இல்லாத கலங்களில் நீல நிறக் கரு மட்டும் தெரியும். 3+ என்றால் ஒவ்வொரு கலத்தையும் சுற்றி விளிம்பு முழுவதும் தடித்த கபிலக் கோடு ஓடும். கலங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் பார்ப்பதற்குக் கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலை மாதிரியே இருக்கும்.

கட்டியின் கலங்களில் 10 வீதத்துக்கும் மேற்பட்டவற்றில் இப்படி முழு வளையமாக, கடும் நிறமாக இருந்தால் 3+, அதாவது பொசிட்டிவ். 0, 1+ இரண்டும் நெகட்டிவ். 2+ நடுவில் நிற்பது. வளையம் இருக்கிறது, ஆனால் நிறம் அவ்வளவு கடுமையில்லை. அப்போது புரதத்தை விட்டுவிட்டு மரபணுவையே எண்ணிப் பார்ப்பார்கள். ஃபிஷ் என்று ஒரு சோதனை. ஹெர்-2 மரபணுவுக்கு ஒரு நிறத்திலும் 17ஆவது நிறமூர்த்தத்தின் நடுப்பகுதிக்கு இன்னொரு நிறத்திலும் ஒளிரும் புள்ளி வைத்து, கருவுக்குள் இரண்டையும் எண்ணி விகிதம் பார்ப்பார்கள். ஆகவே 2+ என்று வந்தால் அது முடிவில்லை. இன்னொரு சோதனை பாக்கியிருக்கிறது என்று அர்த்தம். "அந்த இரண்டாவது சோதனை செய்தாச்சா?" என்று கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம்.

வெட்டியெடுத்த துண்டைக் கையாளும் விதத்திலும் இந்த எண் தங்கியிருக்கிறது. துண்டு ஒரு மணித்தியாலத்துக்குள் போர்மலினுக்குள் போக வேண்டும். 6 மணித்தியாலத்துக்குக் குறையாமல், 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமல் அதற்குள் ஊற வேண்டும். பிந்திப் போட்டால் புரதம் சிதையத் தொடங்கி, இருப்பதும் இல்லாததுபோலக் காட்டக்கூடும். சில நேரங்களில் துண்டு இருக்கும் போத்தலை உறவினரிடமே கொடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். அப்படிக் கொடுத்தால் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். கொழும்புக்கு யாராவது போகும்போது கொடுத்துவிடலாம் என்று வீட்டில் நாட்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. போத்தலுக்குள் இருக்கும் தண்ணீர் போன்ற திரவத்தை ஊற்றிவிடவும் கூடாது. அதுதான் போர்மலின்.

இதயம்

இலக்கு மற்ற உறுப்புகளிலும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஹெர்-2 ஒரு தெளிவான பாடம். இதயத் தசைக் கலங்களும் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்ள இந்தப் புரதத்தைப் பயன்படுத்துகின்றன. 469 பெண்களின் பரிசோதனையில், அந்த்ராசைக்ளின் என்ற வகைக் கீமோவோடு ட்ராஸ்டுசுமாப்பையும் ஒன்றாகப் பெற்றவர்களில் 27 வீதமானவர்களுக்கு இதயத்தின் வேலை பாதிக்கப்பட்டது. அந்தக் கீமோவை மட்டும் பெற்றவர்களில் அது 8 வீதம். கீமோ இதயத்தைக் காயப்படுத்துகிறது, காயத்தை ஆற்றும் வழியை மருந்து அடைக்கிறது என்று இதை விளங்கிக்கொள்ளலாம். அதனால்தான் இப்போது இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுப்பதைத் தவிர்க்கிறார்கள். தொடங்குமுன் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்), பிறகு இடையிடையே எக்கோ என்று பார்க்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மருந்தை நிறுத்தினால் இதயம் தேறிவிடும். மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும். "புற்றுநோய் ஊசி போட்டால் அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் யாராவது சமாதானம் சொன்னால் கேட்காதீர்கள்.

சாதாரண கீமோவைப்போல இந்த மருந்து தலைமயிரைக் கொட்டச் செய்வதில்லை. ஆனால் பெரும்பாலும் கீமோவோடு சேர்த்தே தொடங்குவதால், மயிர் கொட்டுவதற்கும் இதையே குற்றம் சொல்கிறார்கள். வழக்கமாக மூன்று கிழமைக்கு ஒருதடவையாக ஒரு வருடம் கொடுப்பார்கள். இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்ததில் கூடுதல் பயன் எதுவும் கிடைக்கவில்லை.

விலை அதிகமான மருந்துதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2015இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மூல மருந்தின் காப்புரிமை முடிந்த பிறகு, அதற்கு நிகரான மருந்துகளை இந்தியா உட்படப் பல நாடுகளின் நிறுவனங்கள் தயாரிக்கின்றன. பெட்டியில் வேறு பெயர் இருக்கிறதே என்று பயப்படத் தேவையில்லை. தெல்லிப்பழையில் இப்போது இருக்கும் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து பணம் சேர்த்தார்கள். தெற்கிலிருந்து வடக்கு வரை முகம் தெரியாத எத்தனையோ பேர் அதற்குக் காசு போட்டார்கள். அதற்கு முன் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரும் அலைச்சலிலேயே சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களின் கதை இங்கே எல்லா ஊரிலும் உண்டு. இப்படிப் பக்கத்திலேயே கிடைப்பதை உரிய நேரத்தில் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

இரத்தத்தில் பார்க்கும் குறிகாட்டிகள் பற்றி

"முழு உடல் பரிசோதனை" என்று தனியார் ஆய்வுகூடங்களில் போடும் பட்டியலில் சி.ஈ.ஏ, சி.ஏ-125, சி.ஏ 15-3 என்று சில பெயர்கள் இருக்கும். புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று நம்பி நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் காசு கட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சி.ஈ.ஏ புகைபிடிப்பவர்களிலும் கூடும். சி.ஏ-125 மாதவிடாய் நேரத்திலும், கருப்பையோடு சம்பந்தப்பட்ட சாதாரண நோய்களிலும், ஈரல் நோயிலும் கூடும். சி.ஏ 15-3 ஆரம்ப மார்புப் புற்றுநோயில் பெரும்பாலும் ஏறுவதே இல்லை. ஏற்கனவே நோய் உள்ளவரில் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பின்தொடர இவை உதவும். அறிகுறி இல்லாதவரில் நோயைத் தேட இவற்றை நம்ப முடியாது. சாதாரணமாக வந்தால் பொய்யான நிம்மதி, கூடினால் காரணமில்லாத பயம். ஹெர்-2இன் வெளி முனை உடைந்து இரத்தத்தில் கலப்பதும் உண்டு. அதை அளக்கவும் முடியும். ஆனால் மருந்தைத் தீர்மானிப்பது கட்டியின் துண்டில் பார்க்கும் ஹெர்-2தான்.

மார்பில் புதிதாக ஒரு கட்டி தட்டுப்பட்டால், தோல் உள்ளிழுத்தால், முலைக்காம்பிலிருந்து இரத்தம் கசிந்தால், இரத்தச் சோதனைக்குக் கட்டும் காசை மிச்சம் பிடித்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் பெண்களுக்கென்று நடக்கும் கிளினிக்குகளில் மார்பைப் பரிசோதித்துப் பார்ப்பார்கள், காசில்லை. உங்கள் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் நாளும் நேரமும் சொல்வார்.

பழைய ரிப்போட்டை எறியாதீர்கள்

ட்ராஸ்டுசுமாப்போடு கதை முடியவில்லை. ஒரே இலக்கை வேறு வேறு இடத்தில் பிடிக்கும் மருந்துகள் அடுத்தடுத்து வந்தன. பெர்டுசுமாப் ஹெர்-2 சோடி சேரும் இடத்தையே அடைக்கிறது. லபாட்டினிப் குளிசையாக விழுங்குவது, கலத்துக்குள்ளே போய் பொஸ்பேற்று ஏற்றும் முனையைத் தடுக்கிறது. ட்ராஸ்டுசுமாப்பின் முதுகில் கடுமையான கீமோ மருந்தை ஏற்றி அனுப்பும் மருந்துகள் இன்னொரு வகை. பிறபொருளெதிரி ஹெர்-2ஐத் தேடிப் பிடிக்கும், கலம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், உள்ளே போனதும் கீமோ அவிழும். இவற்றில் ஒன்றான ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான், அவிழ்ந்த மருந்து பக்கத்துக் கலங்களுக்குள்ளும் பரவும்படி செய்யப்பட்டது.

இதனால் குறிகாட்டியின் பொருளும் மாறியது. பக்கத்துக் கலத்தையும் கொல்லும் என்றால் எல்லாக் கலத்திலும் ஹெர்-2 நிறைந்திருக்கத் தேவையில்லை. 1+ வந்தவர்களிலும், 2+ வந்து மரபணு பெருகாதவர்களிலும், நோய் பரவியிருந்த நிலையில் இந்த மருந்து பயன் தந்ததை 2022இல் வெளியான பரிசோதனை காட்டியது. அதுவரை இவர்களை வெறுமனே நெகட்டிவ் என்று எழுதிவந்தார்கள். இப்போது இவர்களுக்கு 'ஹெர்-2 குறைவு' என்று தனி வகை உண்டு. அன்றைக்குப் பயனில்லை என்று தோன்றிய 1+ இன்று ஒரு வாசலைத் திறக்கக்கூடும்.

ஆகவே ரிப்போட்டில் "நெகட்டிவ்" என்று மட்டும் இருந்தால், எண் என்ன என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோய் வருடங்கள் கழித்துத் திரும்பினால், புதிதாக வந்த கட்டியிலும் ஹெர்-2ஐ மீண்டும் பார்க்கச் சொல்லலாம். முதலில் இருந்ததும் பின்னர் வந்ததும் சிலரில் ஒன்றாக இருப்பதில்லை. ரிப்போட்டின் மேல் மூலையில் பயோப்சி இலக்கம் ஒன்று இருக்கும். அந்த மெழுகுக் கட்டியை ஆய்வுகூடத்தில் தேடியெடுக்க அந்த இலக்கம்தான் வேண்டும். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே அதை எழுதி வைத்துவிடுங்கள்.